மரத்துப்போன மனசோடு கேட்டது

முருகனை நம்பியிருக்கிற உங்கள் எல்லாருக்கும், ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாய வீட்டுப் பெண் எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் சம்பா அறுப்புக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். கதிரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், வரப்பிலேயே விழுந்து கிடந்தார். நான் அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் இல்லை, வரவில்லை. "இவ என்னடி கல்லு மாதிரி உக்காந்திருக்கா? வாய்விட்டு அழுதாலாவது தேவலயே" என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன். சோறும் ஒன்றுதான், சுடுதண்ணீரும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. கிருத்திகைக்குக் கிருத்திகை இரண்டு பேருமாகச் சுவாமிமலை போவோம். அவர் போன பிறகு அந்தப் பக்கமே நான் தலை காட்டவில்லை. முருகன் மேல் கோபம்கூட இல்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே!

என் நாத்தனார் செல்வி மலேசியாவில், ஈப்போ பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் டீச்சர். "அண்ணி, இங்க வந்து கொஞ்ச நாள் இருங்க. ஸ்கூல்ல தோட்டம் போடுறோம். நெல்லு எப்படி வெளையுதுன்னே இந்தப் புள்ளைங்களுக்குத் தெரியல. நீங்க வந்து நட்டுக் காட்டுங்க. சம்பளம் கெடையாது, சோறு நான் போடுறேன்" என்று கூப்பிட்டாள். இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தோன்றியது. போனேன்.

பள்ளிக்குப் பின்னால் ஓடை ஓரமாக ஒரு துண்டு நிலம். அதைச் சேறாக்கி, ஓரத்தில் நாற்று விட்டு, ஆடி மாதத்தில் ஒரு நாள் நடவு வைத்துக்கொண்டோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லார் காலிலும் பள்ளியில் வாங்கிக் கொடுத்த ரப்பர் பூட்ஸ். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் செருப்புக் காலோடு யாரும் வயலில் இறங்க மாட்டோம். வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, சேற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் முதல் நாற்று முடியைப் பிரிப்போம்.

"எல்லாரும் பூட்ஸக் கழட்டுங்க. இந்த மண்ணு நமக்கு அம்மா. அம்மா மடியில செருப்புப் போட்டுக்கிட்டா ஏறுவீங்க?" என்றேன்.

செல்வி தயங்கினாள். "வேணாம் அண்ணி, இங்க ரூல்ஸ் இருக்கு."

"அட போ செல்வி! சேத்துல கால வச்சு யாரு செத்திருக்கா?"

இதைச் சொன்னது என் வாய்தான்.

தர்ஷினி என்று ஒரு பெண், எட்டு வயசு, வாயாடி. என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். "டீச்சர், வெரலுக்கு நடுவுல கூச்சமா இருக்கு" என்று சேற்றில் குதித்துக்கொண்டே நட்டாள். பத்து நாள் போயிருக்கும், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு கெண்டைக்காலில் தொட முடியாத வலி. கண் சிவந்தது, உடம்பு மஞ்சள் பூத்தது, சிறுநீர் நின்றுபோனது. பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியூவில் வைத்தார்கள். எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். எலி மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நின்றால், சின்னக் கீறல் வழியாகக்கூட ஏறிவிடுமாம். எங்கள் ஊர் வயல்களிலும் அது உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் அம்மா அமுதா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய், "பூட்ஸக் கழட்டச் சொன்னது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்க்கா. இப்ப எதுவும் பேசாதீங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஓரமாக ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். செல்வி அழுகிறாள், அந்தப் பிள்ளையின் அப்பா சுவரில் முட்டிக்கொண்டு அழுகிறார். ஒருத்தி பெற்ற பிள்ளை என்னால் சாகக் கிடக்கிறது, அப்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. நான் மனுஷிதானா என்று பயமாக இருந்தது.

கும்பிடலாம் என்று பார்த்தேன். தெரிந்த பாட்டெல்லாம் பாதியில் நின்றது. கடைசியில் இப்படித்தான் சொன்னேன்: "முருகா, எனக்கு அழ வரல. உருக வரல. உம்மேல பக்தி இருக்கான்னுகூடத் தெரியல. எங்கிட்ட மிச்சம் இருக்கறது வாய் மட்டுந்தான். அத வச்சுக் கேக்குறேன். அந்தப் புள்ளயக் குடு."

திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் மாதிரி, உணர்ச்சியே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். டயாலிசிஸ் நடந்தது. அப்படியே நாட்கள் போயின. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார். "புள்ளைக்கு யூரின் வந்திருச்சு" என்றார். அமுதா அத்தனை பேர் முன்னால் போனில் கத்தினாள்: "அம்மா, ஒண்ணுக்குப் போயிட்டாம்மா! எம்பொண்ணு ஒண்ணுக்குப் போயிட்டா!" வராந்தாவே சிரித்து அழுதது. எனக்கு அப்போதும் 'அப்பாடா' என்றுகூட வரவில்லை. டாக்டர்கள் வைத்தியம் பார்த்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கைகளை நடத்தியவன் முருகன் என்பது என் நம்பிக்கை.

தர்ஷினியைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். அமுதா வெளியே வந்தாள். "உள்ள வாங்கக்கா. உங்களத்தான் கேக்குறா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா நான் வர்றது?"

"இருக்கற மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்க."

போனேன். பிள்ளை நார் மாதிரி கிடந்தது. என்னைப் பார்த்ததும் மெல்ல, "வெளியவே ஒக்காந்திருந்தீங்களாமே டீச்சர். சாப்ட்டீங்களா?" என்று கேட்டது.

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்ததோ! "ஐயோ, என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று என் வீட்டுக்காரரைச் சொல்லி, அந்த வார்டில், தலையில் அடித்துக்கொண்டு கதறினேன். அத்தனை மாதமாக வராத ஒப்பாரி. பிள்ளைக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நர்ஸுகள் ஓடி வந்தார்கள். அமுதா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அழுங்கக்கா, நல்லா அழுங்க" என்றாள்.

நான் கேட்டது ஒரு பிள்ளையின் உயிர். அவன் அதையும் கொடுத்தான், நான் கேட்காத கண்ணீரையும் கொடுத்தான். தர்ஷினி இப்போது பள்ளிக்குப் போகிறாள். நான் ஊர் திரும்பிவிட்டேன். பாதி நாள் மனசு பழையபடி மரத்துத்தான் கிடக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் விடிந்ததும் அவனிடம் பேசிவிட்டுத்தான் மற்ற வேலை.

உங்களில் யாராவது சாமி முன்னால் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல், கட்டை மாதிரி நிற்கிறீர்களா? உருக்கம் வரட்டும், அப்புறம் கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வெறும் வாயோடு போய்க் கேளுங்கள். அவன் அதையும் ஏற்றுக்கொள்வான்.