வள்ளத்தில் ஓட்டை போடப் பார்த்த சம்பந்தி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் பெத்துராஜைத் தெரியாத, வெள்ளாமை பார்க்கிற சம்சாரி சுற்றுவட்டாரத்தில் கிடையாது. போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் புளியங்குடி எலுமிச்சைக்காரரும் திருவேங்கடத்துப் பருத்திக்காரரும் அவர் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். முந்நூறு அடிக்குக் கீழே கிடக்கிற தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள், டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசுவார். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற தண்ணீர் என்றால் மட்டும் மனிதருக்கு உதறல். குற்றாலத்துக்கே போனாலும் எட்ட நின்று துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். இப்பேர்ப்பட்டவர் பெண் கொடுத்த இடம் எது தெரியுமா? உவரிக்குப் பக்கத்தில், அசல் கடற்கரை!

மகள் அபிஷாவும் ரெஜிஸும் நாகர்கோவிலில் சேர்ந்து படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் ரெஜிஸ் அப்பா அந்தோணிப்பிச்சையின் பைபர் வள்ளத்திலேயே மீன்பிடித் தொழிலுக்குப் போய்விட்டான். கல்யாணம் இரண்டு வீட்டுச் சம்மதத்தோடுதான் நடந்தது. ஆனால் சம்பந்திகள் இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. "வாங்க சம்பந்தி", "சாப்பிட்டியளா சம்பந்தி", அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் அபிஷா போன் செய்தாள்.

"அப்பா, வலை பாருல மாட்டி நாராக் கிழிஞ்சிட்டு. இனிமே எக்கோ சவுண்டர் இல்லாமப் போகக் கூடாதுன்னு மாமா சொல்லுதாவ. மாட்டுததுக்கு ஆளு தேடுனாவ. எங்கப்பா மாட்டித் தருவாவன்னு சொல்லிட்டேன்."

பார் என்றால் கடலடிப் பாறை. எக்கோ சவுண்டர் என்றால் வள்ளத்திலிருந்து ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து ஆழம் காட்டுகிற பெட்டி.

"ஏட்டி, அதை நான் கண்ணால கண்டதுகூட இல்லியே!"

"மாமா முன்னாடி வச்சுச் சொல்லிட்டேம்ப்பா."

போனை வைத்த பெத்துராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். பெட்டி தப்பாகக் காட்டினால் இன்னொரு வலை போகும். அதுகூடப் போகட்டும், கட்டிக் கொடுத்த வீட்டில் மகளின் சொல்லுக்கு மதிப்பு போய்விடுமே!

மனைவி தங்கத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். "முழங்கால் தண்ணியில நிக்கவே சாமி கும்பிடுத ஆளு, கடலை அளக்கப் போறாராம்!"

தூத்துக்குடிக் கடையில் பெட்டி வாங்குவது சுலபமாக இருந்தது. சத்தம் அனுப்புகிற சென்சார்தான் பாடாய்ப் படுத்தியது. அதில் மூன்று மாதிரி இருந்தது. வள்ளத்தின் அடியில் துளை போட்டு மாட்டுவது ஒன்று, பின்பக்கம் வெளியே தொங்கவிடுவது ஒன்று, அடித்தட்டுக்கு உள்பக்கம் பசை வைத்து ஒட்டுவது ஒன்று. பெத்துராஜ் யோசிக்கவே இல்லை. முதல் மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு சம்பந்திக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, அடியில சின்னதா ஒரு ஓட்டை போட்டுட்டா வேலை முடிஞ்சிரும்."

அந்தப் பக்கம் அந்தோணிப்பிச்சை வெடித்துச் சிரித்தார்.

"சம்பந்தி, உங்க ஊர்ல தண்ணி வேணும்னா ஓட்டை போடுவிய. எங்களுக்கு ஓட்டை போட்டாத் தண்ணி வந்துரும்லா!"

கடைக்காரர் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது. துளையை அடைக்கிற வித்தையெல்லாம் கடைக்காரர் சொல்லித்தான் பார்த்தார், சம்பந்தி காதில் ஏறவில்லை. பெத்துராஜ் அசடு வழிய இரண்டாவதை எடுத்தார். அதற்கும் தடை வந்தது. தினமும் மணலில் இழுத்து ஏற்றுகிற வள்ளத்தில் வெளியே தொங்குகிற சாமான் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆக, உள்ளே ஒட்டுகிற மாதிரிதான் என்று முடிவானது.

ஊருக்கு வந்ததும், கடைக்கு வாடிக்கையாக வரும் முத்துக்கிருஷ்ணனின் எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்றில் சென்சாரை இறக்கிச் சோதித்தார். திரையில் முப்பத்தொரு அடி என்று வந்ததும் பெத்துராஜ் குதிக்காத குறைதான். நடுவில் ஏதோ ஒன்று ஊர்ந்தது. "நம்ம கெளுத்தி மீனுல்லா!" என்று முத்துக்கிருஷ்ணனும் பூரித்துப்போனார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொல்லித் தீர்த்ததில் மறுநாள் கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பெத்துராஜும் தங்கத்தாயும் பிரியாணிப் பொட்டலமும் சால்னாப் பையுமாக மகள் ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

உள்ளே ஒட்டுவதில் ஒரு சிக்கல் இருந்தது. தட்டு முழு பைபராக இருக்கிற இடத்தில்தான் சத்தம் கீழே இறங்கும். நடுவில் மரமோ காற்றோ இருந்தால் அங்கேயே செத்துப்போகும். ஒட்டிவிட்டால் பெயர்க்கவும் முடியாது. அதனால் முதலில் தண்ணீர் நிறைந்த ஒரு பைக்குள் சென்சாரைப் போட்டு, தட்டில் அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு வள்ளம் கடலில் மிதக்க வேண்டும். பையைப் பிடிப்பதற்கு பெத்துராஜும் வள்ளத்தில் இருக்க வேண்டும்!

"மாமா, நீங்க கரையில இருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றான் ரெஜிஸ். ஆனால் அபிஷா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெத்துராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

அலை தாண்டுவதற்குள் காலைப் பலகாரம் கடலுக்குப் போய்விட்டது. ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கழுவி எடுத்த சால்னாப் பையைத் தட்டில் அழுத்திக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார். முதலில் வைத்த இடத்தில் திரை வெறுமையாகக் கிடந்தது. ஒரு முழம் தள்ளி வைத்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. தட்டை ஸ்பானரால் தட்டித் தட்டி, சத்தம் மாறுகிற இடம் பார்த்து வைத்ததும் எண் வந்தது.

எழுபத்திரண்டு.

அந்தோணிப்பிச்சை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "எழுபத்திரண்டா? இந்த இடத்துல நான் நாப்பது வருசமாத் தொழில் பாக்கேன். பன்னெண்டு பாகத்துக்கு மேல கிடையவே கிடையாது."

கடற்கரையில் ஆழத்துக்குப் பாகம்தான் கணக்கு. இரண்டு கையையும் நீட்டினால் ஒரு பாகம்.

பெத்துராஜுக்கு உலகமே இருண்டுபோனது. கிணற்றில் ஒழுங்காகக் காட்டியது இங்கே வந்து காலை வாரிவிட்டதே! இனி எந்த முகத்தோடு கரை ஏறுவது? மகள் என்ன பதில் சொல்லுவாள்? கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, அதற்குள் இன்னொரு தடவை குமட்டிக்கொண்டு வந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ரெஜிஸ் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, தரை தட்டியதும் கை நீட்டி அளந்து இழுத்தான். சரியாகப் பன்னிரண்டு பாகம். திரையை ஒரு தடவை பார்த்தான், கயிற்றை ஒரு தடவை பார்த்தான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்பா, மாமா இதுல அடிக் கணக்கை வச்சிருக்காவ! ஒரு பாகம் ஆறடி. பன்னெண்டு பாகம் எவ்வளவு?"

அந்தோணிப்பிச்சை விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் வள்ளமே ஆடுகிற மாதிரி சிரித்தார். பெத்துராஜ் தலையில் அடித்துக்கொண்டார். சங்கரன்கோவிலில் எந்த ஆழமும் அடிதானே! வேறு கணக்கு உலகத்தில் உண்டு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

கரைக்கு வந்தபிறகு அவர் பழைய பெத்துராஜ் ஆகிவிட்டார். காயிலுக்கு வார்னிஷ் ஊற்றுகிற அதே நிதானத்தோடு பசையை ஊற்றி, ஒரு குமிழிகூட இல்லாமல் சென்சாரை அழுத்தித் திருகி ஒட்டினார். அபிஷா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். "நான் சொன்னம்லா" என்று மாமனாரிடம் அவள் சொன்னதைக் கேட்டு பெத்துராஜுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பசை காய்ந்ததும் ரெஜிஸ் திரையில் பாகக் கணக்குக்கு மாற்றப் போனான். அந்தோணிப்பிச்சை அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அடியிலயே இருக்கட்டும்ல. ஆறால வகுக்க எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் இந்த மனுசன் ஞாவகம் வரணும்." பிறகு மணலில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். "வே பெத்துராசு, அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கீரு? இங்கன வந்து உக்காரும். கிணத்துக்குள்ள கெளுத்தி பாத்தீராமே, அந்தக் கதையச் சொல்லும்வே!"

பெத்துராஜ் போய் உட்கார்ந்தார். வயிறு காலியாகக் கிடந்ததால் பிரியாணி நன்றாக இறங்கியது. கதை முடிவதற்குள் பொழுது சாய்ந்து, ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸும் போய்விட்டது.