சித்தப்பாவின் ஷவர்

எங்கள் சித்தப்பா சொன்ன பொய்களிலேயே பெரியது எது என்பதில் குடும்பத்தில் இரண்டு கருத்து கிடையாது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதை நிஜமாக்கத்தான் ஒரு கொத்தனாரும் எங்கள் குளியலறைச் சுவரில் பாதியும் தேவைப்பட்டன.

அப்போது நாங்கள் பெங்களூர் அல்சூரில் இருந்தோம். ஏரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சொந்த வீடு. அப்பா ராணுவ ஸ்டோர்ஸில் குமாஸ்தா. சித்தப்பா சவுத் பரேடில் ஓர் ஏலக் கம்பெனியில் வேலை பார்த்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் மாற்றலாகிப் போகும்போது அவர்களுடைய பங்களாச் சாமான்களை ஏலம் போடும் கம்பெனி அது. கட்டில், பியானோ, பாடம் செய்த மான் தலை என்று நாள் முழுக்க அடுத்தவர் சாமான்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்ததில், அவற்றில் பாதி தன்னுடையவை என்ற நினைப்பு அவருக்கு மெல்ல வந்துவிட்டிருந்தது.

வேலூருக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்த நினைப்பு வாயில் வந்துவிட்டது. நான் போகவில்லை, அம்மா சொல்லிக் கேட்டதுதான். பெண்ணின் அப்பா அரிசி மண்டிக்காரர். புகையிலை, சீட்டாட்டம் மாதிரி ஏதாவது இருக்குமோ என்ற கவலையில், "தம்பிக்குப் பழக்க வழக்கம் எல்லாம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா, "வேற ஒரு பழக்கமும் கெடையாதுங்க. காலைல எழுந்ததும் டெய்லி ஷவர். அது இல்லாம நான் வெளியவே போறதில்லை" என்றிருக்கிறார். மண்டிக்காரர் ரொம்பவும் மகிழ்ந்துபோய், "நல்ல பழக்கம், நல்ல பழக்கம்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா கேட்டாராம்.

"ஏன் தம்பி, நம்ம வீட்டுல ஷவர் எங்க இருக்கு?"

"வரும் அண்ணி."

அப்பாவுக்கு இது வேடிக்கையாகப் படவில்லை. சித்தப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஷவர் பொய் என்று தெரிந்தால் சந்தேகம் ஷவரோடு நிற்காது. வேலையும் சம்பளமும் இதே மாதிரிதானோ என்று நினைப்பார்கள் என்றார். அந்தப் பெண்ணைச் சித்தப்பாவுக்குப் பிடித்துவிட்டது. இது எனக்கே தெரிந்தது, ஏனென்றால் அன்று ராத்திரி அவர் இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் குளியலறையைப் பச்சல் என்போம். கன்னடத்தில் எல்லாரும் சொல்வது. எங்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஐந்தடிக்கு நான்கடி இருக்கும். அதில் பாதி இடத்தைச் செங்கல் அடுப்பின் மேல் பதித்த செம்பு அண்டா பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் ஒரு ஆள் முழங்கையை இடித்துக்கொள்ளாமல் குளிக்கலாம். ஷவர் என்றால் மேலே இருந்து தண்ணீர் வர வேண்டும். எங்கள் குழாயோ முற்றத்தில் முழங்கால் உயரத்தில் இருந்தது, அதிலும் காலையில்தான் வரும். இத்தனையும் தெரிந்த பிறகும் சித்தப்பா புதன்கிழமை ஒரு மாட்டு வண்டியில் ஆறடி நீளத்துக்கு ஒரு இரும்புத் தொட்டியைக் கொண்டு வந்து இறக்கினார். உள்ளே வெள்ளைப் பீங்கான் பூச்சு, கீழே நான்கு சிங்கக் கால்கள்.

"ஷவர்னுதானே சொன்னீங்க? இது எதுக்கு?" என்றார் அம்மா.

"ஷவர் மட்டும் இருந்தா நம்ப மாட்டாங்க அண்ணி. டப்பும் இருந்தாத்தான் பழைய பழக்கம்னு தெரியும்."

"இதுக்குள்ள எறங்கி என்ன பண்ணுவாங்க?"

"உக்காந்து குளிப்பாங்க."

"தன் அழுக்குத் தண்ணியிலயே தானே உக்காந்துக்கிட்டா? எருமை குளிக்கிற மாதிரியா? நல்லா இருக்கு."

தொட்டி கதவு வழியாக நுழையவில்லை. கதவை நிலையோடு பெயர்த்தார்கள். நுழைந்தது, ஆனால் உள்ளே கிடக்க நீளம் போதவில்லை. அண்டாவை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று கொத்தனார் சொன்னார். அம்மா அண்டாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "மொதல்ல என்னை எடுங்க, அப்புறம் அண்டாவை எடுங்க." பெங்களூர்க் குளிரில் வெந்நீருக்கு வேறு வழி இல்லாத வீட்டில் அம்மாவின் பக்கம்தான் எல்லாரும் நின்றிருப்பார்கள். அப்பாவும் நின்றார்.

கடைசியில் பச்சலுக்கும் விறகு அறைக்கும் நடுவிலிருந்த சுவரின் கீழ்ப் பாதியில் பொந்து மாதிரி உடைத்து, தொட்டியை அதன் வழியாக நுழைத்து, கதவைத் திரும்பப் பொருத்தினார்கள். தொட்டியின் தலை பச்சலில் இருந்தது. கால் பக்கம் இரண்டடி விறகு அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் படுத்துக் குளிப்பவரின் முகம் ஒரு அறையிலும் பாதம் இன்னொரு அறையிலும் இருக்கும். நானும் தம்பியும் மாறி மாறி அதில் படுத்துப் பார்த்தோம். விறகு அறையில் நிற்பவருக்கு வெறும் கால்கள் மட்டும் தெரிந்தன.

ஷவருக்குப் பிளாக்பள்ளியிலிருந்து ஒரு தகர வேலைக்கார பாய் வந்தார். ஏலத்தில் ஷவர் எதுவும் வரவில்லை. ஆகவே செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளியின் தலையை வெட்டி ஒரு குழாயின் நுனியில் ஈயம் வைத்து ஒட்டும்படி சித்தப்பா சொன்னார். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ரோஜாச் செடிக்கு ஊத்துறது சாப். மனுசனுக்கு ஊத்தினா என்ன ஆகும்?"

"மாப்பிள்ளைக்கு, பாய். கல்யாண மாப்பிள்ளைக்கு."

"அரே, அப்போ நல்லா ஊத்துங்க. பூக்கட்டும்."

பச்சலின் கூரை கற்பலகைகள் அடுக்கியது. இரண்டு பலகைகளுக்கு நடுவில் குழாயை இறக்கி, மேலே ஒரு பீப்பாயை வைத்தார்கள். பீப்பாய் தானாக நிறையாது. அப்பாவும் சித்தப்பாவும் ஏணியில் குடம் குடமாகத் தூக்கினார்கள். நாகரிகமான முறையில் ஒருவர் நின்றுகொண்டு குளிக்க, இருவர் பழைய முறையில் தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது. இதை அப்போது யாரும் குறையாகச் சொல்லவில்லை.

இந்த வேலையில் ஒரு விஷயத்தை எல்லாரும் மறந்துபோனார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி இடித்த சுவரில் மாட்டியிருந்தது. அதன் கீழே இருந்த சித்தப்பாவின் சவரப் பெட்டி இடிபாடோடு எங்கேயோ போய்விட்டது. சித்தப்பா ஆபீசுக்கு லீவு போட்டிருந்ததால் அவருக்கும் அது தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடைவீதிக்குப் போய்ச் சவரம் செய்துகொள்வதாக இருந்தார்.

மண்டிக்காரர் ஒரு ரயில் முன்னதாகவே வந்துவிட்டார். குடையும் பழப் பையுமாக அவர் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தபோது, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தாடியெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு ஒருவர் ஏணியிலிருந்து அவர் முன்னால் இறங்கினார். யாரோ கொத்து வேலைக்காரர் என்று முதலில் நினைத்திருக்கிறார். அந்த ஆள் "வாங்க மாமா" என்று கும்பிட்டதும்தான் உற்றுப் பார்த்தார். பார்வை முகத்தில் தாடைப் பக்கமாகவே நின்றது. பிறகு கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

அம்மா காபி போடப் போனார். அப்பா சித்தப்பாவை உடை மாற்ற இழுத்துக்கொண்டு போனார். கூடத்தில் விருந்தாளிக்குத் துணையாக நான் இருந்தேன்.

"பாப்பா, உங்க சித்தப்பா ஏன் தாடி வளக்கறாரு?"

"தெரியாது தாத்தா."

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "வீட்டுல ஏதாவது விசேஷமா?"

எனக்குத் தெரிந்த விசேஷம் ஒன்றுதான். அதைப் பற்றி அவர் வரும்வரை மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர்தான் வந்துவிட்டாரே.

"ஆமா தாத்தா. சித்தப்பாவாலதான். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"எங்க?"

"உள்ள. படுத்துக்க எடம் பத்தல. காலு மட்டும் விறகு ரூம்ல நீட்டிக்கிட்டு இருக்கு."

எங்கள் பக்கத்தில் மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் சவரம் செய்துகொள்ளாமல் இருப்பது வழக்கம். அதைத்தான் விசேஷம் என்று நாசூக்காகக் கேட்பார்கள். எட்டு வயதில் எனக்கு இரண்டும் தெரியாது. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்ததுதான் தெரியும். பழப் பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

காபியோடு வந்த அம்மா வாசலில் மறித்தார். அப்பாவும் சித்தப்பாவும் ஓடி வந்தார்கள்.

"டெய்லி சவரம்னு சொன்னியேப்பா!" என்று அவர் சத்தம் போட்டார். "காலைல எழுந்தா சவரம், சவரம் இல்லாம வெளிய போக மாட்டேன்னு! ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன், மாப்பிள்ளை மொகம் கண்ணாடி மாதிரி இருக்கும்னு. இங்க வந்து பாத்தா தாடி! கேட்டா வீட்டுல விசேஷம்ன்றாங்க! யாரை விறகு ரூம்ல ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சித்தப்பாவுக்கு முதல் வரி மட்டும்தான் காதில் விழுந்தது. "ஷவர் இருக்குங்க மாமா! சத்தியமா இருக்கு. உள்ள வந்து பாருங்க."

"சவரம் உன் மூஞ்சில இருக்கணும்! உள்ள வந்து என்னத்தைப் பாக்கறது?"

முதலில் அம்மாவுக்குத்தான் விளங்கியது. கையில் காபி டம்ளரோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்புக்கு நடுவில் பேச முடியாமல் விறகு அறையைக் கையால் காட்டினார். அப்பா கதவைத் திறந்தார். விறகுக் கட்டுகளுக்கு நடுவில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு, இரண்டு சிங்கக் கால்கள் நின்றன.

மண்டிக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுவா விசேஷம்?"

"இதுதான் தாத்தா" என்றேன் நான்.

ரயில் அலுப்புத் தீரக் குளித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்டாவிலிருந்து வெந்நீரைத் தொட்டியில் விளாவி வைத்தார்கள். மண்டிக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாவும் சித்தப்பாவும் குடங்களோடு ஏணிக்கு ஓடினார்கள். அம்மா, நான், தம்பி மூன்று பேரும் விறகு அறையில் போய் நின்றோம்.

முதலில் இரண்டு பாதங்கள் பொந்து வழியாக வந்து விறைப்பாக நின்றன. சரசரவென்று பூவாளித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாதங்கள் சடாரென்று உள்ளே போய்விட்டன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாதம் திரும்பி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கட்டை விரல்கள் இரண்டும் மெதுவாக ஆட ஆரம்பித்தன. அம்மா பின்கட்டு வழியாக ஓடி ஏணியைப் பார்த்து, "ஆடுது, ஆடுது! நிறுத்தாதீங்க, ஊத்துங்க!" என்றார்.

அவர் வெளியே வருவதற்குள் சித்தப்பாவுக்குக் கை இரண்டும் தொய்ந்துவிட்டன. விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்த மண்டிக்காரர், காபியைக் குடித்து முடித்து, தாடியையே மறுபடியும் பார்த்தார்.

"மொதல்ல போய் அதை எடுத்துட்டு வாங்க, மாப்பிள்ளை" என்றார்.

அதுவரை அவர் சித்தப்பாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. சித்தப்பா சட்டைகூட மாட்டாமல் கடைவீதிக்கு ஓடினார்.

கல்யாணம் வேலூரில் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணோடு சின்னப் பிள்ளை யாராவது உட்காரட்டும் என்று என்னை அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குத்தான் நான் சித்தியை முதல் முறையாகப் பார்த்தேன். அவர் மிஷன் பள்ளியில் படித்தவர் என்று சொல்லியிருந்ததால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. யாரும் கவனிக்காத நேரத்தில் என் பக்கம் குனிந்தார்.

"அந்த ஷவர் மொதல்லயே இருந்துச்சா, எங்கப்பா வர்றாருன்னு வச்சாங்களா?"

ஷவர் என்று அவர் திருத்தமாகச் சொன்னார்.

"உங்கப்பா வர்றாருன்னுதான் வச்சாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. அவர் தலை குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எழுந்து ஓடப் பார்த்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். எங்கப்பா காதுலதான் சவரம்னு விழுந்துச்சு. எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. கூரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு உங்க சித்தப்பா, அப்பவே தெரியும், அப்படி ஒண்ணு இல்லைன்னு."

"அப்ப உங்கப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லல" என்றார் சித்தி. என் ரிப்பனை அவிழ்த்து மறுபடியும் கட்டிவிட்டார்.

எங்கள் வகுப்பில் யாராவது ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால், தெரிந்தவர்கள் உடனே கையைத் தூக்கித் திருத்த வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தால் டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். இவ்வளவு பெரிய தப்பை, பக்கத்திலேயே இருந்து கேட்டும், இந்தச் சித்தி ஏன் திருத்தாமல் விட்டார் என்று முகூர்த்தம் முடியும்வரை யோசித்தேன். வேலூர்ப் பள்ளிகளில் அவ்வளவு கண்டிப்பு இல்லை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.