சுண்டல் கூடையும் என் வைவாவும்

பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன். வீட்டிலிருந்து ஆன்லைனில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு கொடுக்க வேண்டிய மாலை பார்த்து ரயில் லேட். வேறு வழியில்லாமல் லேடீஸ் பெட்டியிலேயே போனைத் திறந்தேன். விஷயம் தெரிந்ததும், சந்தைக்கடையாக இருந்த பெட்டி கப்சிப். சுண்டல்காரம்மாகூட கூவாமல் நின்றுவிட்டார்.

"ப்ரோக்ராம்ல லூப்னா என்னம்மா?" என்றார் போனில் தேர்வெடுத்த சார்.

மனப்பாடம் செய்த ஆங்கில வரி மறந்தேபோனது. கண் கூடையில் விழுந்தது.

"சார், இங்க ஒரு சுண்டல்காரம்மா இருக்காங்க. ஒவ்வொரு சீட்டா போய் 'சுண்டல் வேணுமா'ன்னு அதே கேள்வியத்தான் கேப்பாங்க. கூடை காலியானாதான் நிறுத்துவாங்க. அதான் சார் லூப்!"

சார் சிரித்து, பாஸ் என்றார். பெட்டியே கைதட்டியது.

"இன்னா கண்ணு, என்னிய வெச்சி நீ பாஸாயிட்ட. எங்கூடை இன்னும் காலியாவலியே!" என்றார் சுண்டல்காரம்மா.

மீஞ்சூர் வருவதற்குள் எல்லோருமாக அந்த லூப்பை முடித்துவைத்தோம். இன்றும் ப்ரோக்ராம் எழுத உட்கார்ந்தால், எனக்கு அந்தச் சுண்டலில் கிடந்த மாங்காய் வாசனைதான் அடிக்கிறது.