விளக்கெண்ணெய் ஊற்றிய பூட்ஸ்

எங்கள் கல்லூரி மைதானத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். போன மாதம் சேலம் போனபோது பார்த்தேன். கோல் கம்பம் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் காரின் பின்பக்கம். எந்த மடையன் கொடுத்த யோசனையோ. அங்கேயே நின்று வாய்விட்டுத் திட்டினேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வருடம் கல்லூரி ஃபுட்பால் டீமுக்கு நான்தான் கேப்டன். ஓமலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவேன். வகுப்புக்கு முன்னால் ஆடுவோம், எல்லோரும் வெறுங்காலில். தரையெல்லாம் சரளைக் கல். மழை பெய்தால் தோல் பந்து தண்ணீர் குடித்துப் பூசணிக்காய் மாதிரி கனக்கும். தலையால் முட்டினால் சாயங்காலம் வரை கழுத்து வலிக்கும். அந்த வலி இப்போது வேண்டும் போல இருக்கிறது. சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

அப்படி ஆடியே ஃபைனலுக்கு வந்தோம். காரணம் நான் இல்லை. சென்டர் ஃபார்வர்டு ஆடிய சேந்தமங்கலத்துக்காரன். அவன் பாதம் லாரி டயர் மாதிரி இருக்கும். ஓடுகிற பந்தைக் கால் விரலாலேயே நிறுத்துவான். ஃபைனலன்று அவனைப் பார்க்கவென்றே போலீஸ் டீமுக்கு ஆள் எடுக்கும் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். படித்துத் தேற மாட்டோம் என்பது அவனுக்கே தெரியும். அந்த வேலை ஒன்றுதான் அவனுக்கு வழி.

நான் அந்த வருடம் முழுக்க பிரின்சிபால் அறை வாசலில் நின்று பூட்ஸ் கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. புதுத் தோல், கடிக்கும். எங்கள் பக்கம் புதுச் செருப்பு கடித்தால் விளக்கெண்ணெய் ஊற்றி ஊற வைப்போம். பதினோரு ஜோடிக்கும் நானே ஊற்றினேன். தப்பு என்று ஒருவனும் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

மேட்சுக்கு முன்னால் அவன் சொன்னான்: "டேய், நான் வெறுங்கால்லயே ஆடறன். எனக்கு இது ஆவாதுடா."

"அதிகாரி முன்னாடி பட்டிக்காட்டானாட்டம் நிக்கப் போறியா? போடுறா."

பி.டி. மாஸ்டர் குறுக்கே வந்தார். "உட்டுரு சாமி. அவன் காலு அவனுக்குத் தெரியும்."

"இல்லீங்க சார். டீம்னா ஒரே மாதிரி இருக்கோணுங்க."

செருப்பில் விரலைப் பிடிக்க வளையம் இருக்கும். பூட்ஸில் ஏது? எண்ணெயில் கால் உள்ளுக்குள்ளேயே வழுக்கியது. ஓடினால் விழுந்தோம். இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். அவன் லேஸை அவிழ்த்தான். "கழட்டினா வெளிய உக்காந்துக்க" என்றேன். திரும்பக் கட்டினான்.

கடைசி நிமிடத்தில் பந்து அவனிடம் வந்தது. அவர்கள் கோலி கீழே கிடந்தான். காலி கோல். பூட்ஸுக்குள் அவன் கால் திரும்பியது. பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டு போனது. நான் என்ன செய்தேன்? எல்லார் முன்னாலும் கத்தினேன். "வெறும் கோல்ல அடிக்கக்கூடத் துப்பில்லையேடா உனக்கு!" அதற்குள் அதிகாரியின் நாற்காலி காலியாகிவிட்டது.

அவன் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போர்வெல் தோண்டப் போய்விட்டான். நான் தேடிப் போகவில்லை. வெறும் வீம்பு.

கார்களைப் பார்த்த அன்றே ராசிபுரம் பஸ் ஏறினேன். அங்கிருந்து சேந்தமங்கலம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏன்டா கேப்டன், எண்ணெய் கொண்டாந்தியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வெறுங்கால்ல ஆட உட்டிருந்தா அது கோல்டா. தப்பு என்னோடது."

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "எண்ணெய்ய சொல்லிச் சொல்லி ஊரையே சிரிக்க வெச்சிருக்கறன். ஆனா நீ அன்னைக்குக் கத்துனதுதான் நெசம்னு நெனச்சுட்டு இருந்தன். எனக்குத் துப்பில்லேன்னு." வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தான். "இங்க வா புள்ள. இவன் என்ன சொல்றான்னு கேளு."

அவன் மனைவி வந்து நின்றார். "சொல்லுடா" என்றான். நான் இன்னொரு தடவை சொன்னேன்.