கொட்டிய சாம்பல்

நோட்புர்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. காலையில் தபால் அலுவலகம். மீதி நேரம் மலைப்பாதை. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து மேல் விடுதிக்குப் போகும் பாதையை இருபத்திரண்டு வருடங்களாக அவள்தான் திறக்கிறாள். கடைசி வரை நடந்து பார்த்துவிட்டு வந்து, அடிவாரத்தில் தொங்கும் ‘மூடியிருக்கிறது’ பலகையைக் கழற்றுவாள். அதுதான் திறப்பு. அவள் கழற்றும்வரை யாரும் ஏறுவதில்லை.

மே மாதத்தில் மற்ற இடங்களில் பனி தானாகப் போய்விடும். பாதை குறுக்கே கடக்கும் கரும்பள்ள ஓடையில் போகாது. குளிர்காலம் முழுக்கச் சரிந்த பனி அங்கே வந்து அடைந்து கிடக்கும். அதனால் ஏப்ரல் கடைசியில் வீடுகளின் அடுப்புச் சாம்பலைச் சுமந்துபோய், பாதை போகும் வாக்கில் தூவுவோம். மாவு சலித்ததுபோல மெல்லிசாக. கறுப்பு வெயிலைப் பிடித்துக்கொள்ளும், பனி தரைவரை இறங்கும். தடிமனாகப் போட்டால் சாம்பலே போர்வையாகிப் பனியைக் காக்கும். இது இங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த வருடம் அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. இரண்டு மூட்டைகளை இரண்டு நடையாகச் சுமந்தாள். சரிவில் குறுக்காக நின்று, ஓர் அடி வைத்து ஒரு கை தூவி, இன்னோர் அடி வைத்து... மூன்று மணி நேர வேலை. அவள் மூட்டைகளை அறுத்து அப்படியே கொட்டினாள். பூட்ஸால் நீளத்துக்குத் தள்ளிவிட்டாள். வீட்டுக்கு வந்து படுத்தாள்.

பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறைக்கு முந்தைய நாள் தம்பி வின்சென்ஸோடு பாதையைப் பார்க்கப் போனாள். மேல் விடுதியைக் குத்தகைக்கு நடத்துகிறவன் அவன். மறுநாளைக்கு முப்பத்திநாலு பேர் பதிவு செய்திருந்தார்கள்.

ஓடையில் சுற்றிலும் பனி அமிழ்ந்திருந்தது. பாதை வாக்கில் மட்டும் இடுப்பளவுக்கு ஒரு வரப்பு எழுந்து நின்றது.

“என்னக்கா இது, மதில் கட்டி வச்சிருக்கே?”

“சாம்பல்.”

“சாம்பல்னு தெரியுது. எந்த மடையன் இப்படிக் கொட்டுனான்?”

“நான்தான்.”

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

“உனக்கா தெரியாது?”

“தெரியும். அன்னைக்கு நிக்க முடியலை. கொட்டிட்டு வந்துட்டேன்.”

“ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேனே.”

“வருவே. வந்துட்டு வருஷம் பூரா சொல்லிக்காட்டுவே.”

“ஆமா, சொல்லிக்காட்டுவேன்தான். அதுக்காக?”

அவன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். சாம்பலை வழித்து, வரப்பைச் சீவி, படி வெட்டிக்கொண்டே போனான். அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பன்னிரண்டாவது படியில் மண்வெட்டி காம்புவரை உள்ளே போயிற்று. துளைக்குள்ளிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்தது. ஓடை அடியில் பனியை அரித்துவிட்டிருந்தது. அவன் அசையாமல் நின்றான். பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தான்.

“கயிறு கட்டி ஒவ்வொருத்தரா அனுப்பினா?”

“முப்பத்திநாலு பேரையா?”

“நீ பலகையை மட்டும் கழட்டு. மத்தது அவங்க பாடு.”

“கழட்டமாட்டேன்டா.”

“மே மாசத்துல எனக்கு இந்த ரெண்டு நாள்தான்க்கா. உனக்கே தெரியும்.”

“தெரியும்.”

இறங்கும்போது அவன் முன்னால் போனான். வளைவுக்கு வளைவு நின்றான், திரும்பிப் பார்க்காமல். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் மறுபடி நடந்தான்.

அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, பதிவு செய்தவர்களுக்குப் போன் செய்தார்கள். அவள் பட்டியலைப் பார்த்து எண்களைச் சொன்னாள், அவன் போட்டான்.

“இந்த வருஷம் பனி ஜாஸ்திங்க... ஆமாங்க, நம்ம கையில என்ன இருக்கு...”

ஐந்தாவது ஆளிடமும் அதையே சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

“பனி ஜாஸ்தி இல்லை. அக்கா சொதப்பிட்டான்னு சொல்லு.”

“எண்ணைச் சொல்லுக்கா.”

அவள் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த எண்ணைச் சொன்னாள்.