அடைத்துவிட்ட வடக்கு வாசல்

போன கிழமை வைலே ஸ்டேஷனில் ஒரு பிள்ளையின் தள்ளுவண்டியை ரயிலுக்குள் ஏற்றக் கைகொடுத்தேன். இடுப்பில் பிடித்துக்கொண்டது. உடனே இங்கர் நினைவுக்கு வந்தார்.

இக்காஸ்ட் ஊருக்கு வெளியே தனியாக இருந்த வயதான மனுசி. வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை அப்போது எனக்குப் புதிது. என் டேனிஷ் அவருடைய பூனைக்கே விளங்காது. ஞாயிறுகளில் அவரைச் சக்கர நாற்காலியில் கோயிலுக்குக் கூட்டிப்போவதும் என் வேலைதான். மன்னார்க் கத்தோலிக்கச்சி நான், அவர்களுடைய லூத்தரன் சபைப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பேன்.

இடைக்காலத்தில் கருங்கல்லால் கட்டிய கோயில். கோபுரமும் தெற்கு முகப்பும் பிறகு வந்தவர்கள் செங்கல்லில் சேர்த்தவை. அந்த முகப்பில்தான் பாழாய்ப்போன படிகள். வடக்கில் நிலமட்டத்திலேயே பெண்களுக்கென்று ஒரு வாசல் இருந்ததாம். எப்போதோ அடைத்துவிட்டார்கள், வளைவு மட்டும் சுவரில் தெரியும்.

படிகளில் நாற்காலியை நான் ஒரு பக்கம், எங்களைக் காரில் கொண்டுவந்துவிடும் என் மனுசன் மறுபக்கம் தூக்குவோம். "இஞ்சரும், அந்தச் சுவரை உடைச்சா ஆருக்கு என்ன நட்டம்?" என்று மூச்சு வாங்குவார்.

இங்கர் கோயில் சபையிடமே கேட்டார். அடைத்த சுவரும் சரித்திரமாம், தொடக்கூடாதாம். சரிவுப் பலகை கேட்டோம். படியின் அழகு கெட்டுவிடுமாம்.

"கோபுரம் கட்டினவன் ஆரிட்டக் கேட்டவன்? எனக்கெண்டா மட்டும் சுவர் புனிதமாப் போச்சு!" என்று இங்கர் நாற்காலியில் குத்தினார். அவர் சொன்னது டேனிஷில். காரில் மனுசனுக்கு நான் சொன்ன தமிழ் இது.

மாரிக் குளிரில் ஒருநாள் பனியில் மனுசன் வழுக்கினார். நாற்காலி சரிந்தது. இங்கருக்குக் காயமில்லை, ஆனால் "இனி வேண்டாம்" என்றுவிட்டார். அதற்குப் பிறகு வடக்குச் சுவரோரம், கல்லறைகளுக்கு நடுவே, கம்பளி போர்த்தபடி இருந்து உள்ளே வாசிக்கும் ஓர்கனைக் கேட்பார்.

"இஞ்சையும் கேக்குதுதானே" என்பார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒருநாள் அந்தச் சுவரை உதைத்தேன். பெருவிரல் வீங்கினதுதான் மிச்சம்.

அடுத்த வசந்தத்தில் இங்கர் செத்துப்போனார். பெட்டியைப் படியால் தூக்கிப்போக ஆறு ஆண்கள் நின்றார்கள். "உயிரோட இருக்கேக்க இதிலை ஒருத்தனும் வரேல்லையே" என்று மனுசன் உரத்துச் சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை. நானும் மொழிபெயர்க்கவில்லை.

இப்போது அந்த வேலையில் கோயிலுக்குக் கூட்டிப்போவதெல்லாம் இல்லை. மருந்துக் குளிசை, உடுப்பு, அடுத்த வீடு. அந்தக் கோயிலையும் பக்கத்து ஊர்ச் சபையோடு சேர்த்துவிட்டார்கள். அநேக ஞாயிறுகளில் தெற்குக் கதவும் பூட்டித்தான் கிடக்கிறது.