இஎ என்றால் வீடு, ஈஎ என்றால் இல்லை

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் ஊர் குரூப்பில் யாராவது போட்டால் என் கதை முடிந்தது. எல்லாரும் தூங்கிய பிறகு அம்மாவின் போனில் எழுதுகிறேன். என்னைப்போல் ஜப்பானிய மொழி படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு உதவட்டும் என்றுதான்.

அப்பா துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். "அங்கிட்டுப் போயி நான் தனியாக் கெடந்தது போதும். ஜப்பான் பேச்சே இந்த வீட்ல வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் போன சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போனேன். அங்கே ஓர் இலவச அறிமுக வகுப்பு.

அன்னவாசலில் எட்டே காலுக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசு இல்லை. முக்கால் மணி நேரப் பயணம். யூடியூபில் கேட்டதை முணுமுணுத்துக்கொண்டே போனேன். "ஈ... எ. ஈ... எ."

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "எங்கம்மா ஈ? பஸ்ஸக் காலையிலதான் கழுவுனோம்!"

"பிள்ளையோட டிபன் பாக்ஸத் தொறந்து பாருங்கண்ணே" என்றார் பக்கத்து சீட் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை. மாடி அறை, எல்லாரும் பெண்கள். டீச்சர் விராலிமலைக்காரர், ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். 'இஎ' என்று எழுதிப் படிக்கச் சொன்னார். எல்லாரும் ஒரே குரலில் "இயெ" என்றோம்.

"நடுவுல அந்த 'ய்'யை யாரு கூப்பிட்டா?"

தமிழ் வகுப்பில் படித்த உடம்படுமெய்தான். இரண்டு உயிர் சேர்ந்து வந்தால் நம் வாய் தானாகவே ய், வ் வைத்து ஒட்டிவிடுகிறது. ஜப்பானியத்தில் நடுவில் எதுவும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை. 'அஇ' என்றால் அன்பு. அதை 'ஐ' என்று சுருக்கக் கூடாது. ஆனால் 'எஇ' பெரும்பாலும் 'ஏ' ஆகிவிடும், 'ஒஉ' 'ஓ' ஆகிவிடும். நன்றி சொல்ல 'அரிகதொஉ' என்று எழுதிவிட்டு 'அரிகதோ' என்கிறார்கள். குறில் நெடில் பழகிய நமக்கு இது சுலபம். ஒன்றில் மட்டும் கவனம்: 'இஎ' வீடு. முதல் எழுத்தை நீட்டி 'ஈஎ' என்றால், இல்லை.

முடிந்ததும் டீச்சர் என்னை நிறுத்தினார். "ஒனக்கு நல்ல காதும்மா. இலவச சீட் ஒண்ணு இருக்கு. அடுத்த சனிக்கிழமை அப்பாவக் கூட்டிட்டு வந்தாத்தான் சேத்துக்க முடியும். வீட்ல சம்மதந்தானே?"

"ஹஇ" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். 'ஹை' ஆகாமல் இரண்டு உயிரும் தனித்தனியாக விழுந்தன.

"பாத்தியா, இப்பத்தான் சரியா வருது!" என்று முதுகில் தட்டினார். பொய் சொன்னபோதுதானா சரியாக வர வேண்டும்?

விடிந்தால் அந்தச் சனிக்கிழமை. போகிறவர்கள் வீட்டில் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு தடவை போய்விட்டு வந்தால் போகாமல் இருப்பது ரொம்பக் கஷ்டம். போர்வைக்குள் 'அஒஇ' என்று உதட்டை மட்டும் அசைக்கிறேன். நீலம் என்று அர்த்தம். அந்த மாடி அறையில், அத்தனை குரலோடு, இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறு எதுவும்

கதவு தட்டுகிறார்கள்.

"இன்னும் ஒறங்கலையா ஆத்தா? வெளிச்சம் தெரியுது."

அப்பா. கேட்டுவிடுகிறேன். இப்போதே